நன்மையின் வடிகால்

தண்ணீர் கொடுப்பதைவிடச் சிறந்த தர்மம் உண்டா? எமது ஊர்களில் இக்கேள்விக்கு எவரும் யோசித்து விடை சொல்வதில்லை. மௌத்தாகிப் போன தாய் தகப்பன் பேரில் பள்ளிவாசல் முற்றத்தில் கிணறு வெட்டிக் கொடுப்பவரும், பாதையோரத்தில் வழிப்போக்கருக்கென்று குழாய் வைத்துக் கொடுப்பவரும் ஒரே நம்பிக்கையில்தான் அதைச் செய்கின்றனர். ஸஃது இப்னு உபாதா (ரழி) அவர்கள் தம் தாயின் மறைவுக்குப் பின் எந்தத் தர்மம் மேலானது என்று வினவியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீரையே குறிப்பிட்டார்கள். ஸஃது (ரழி) ஒரு கிணற்றைத் தோண்டித் தாயின் பேரில் விட்டார்கள். தாகத்தால் தவித்த நாயொன்றுக்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை மத்ரஸாவின் முதல் வகுப்பிலேயே நாம் கேட்டிருக்கிறோம்.

இத்தகைய நன்மை ஒன்று தீமையாக மாற முடியுமா? கெட்ட எண்ணம் ஏதுமின்றி, நிலமற்ற ஏழைகளின் வயலுக்கென்று அனுப்பப்பட்ட நல்ல தண்ணீர், தன் வேலையை முடித்துக் கொண்டு வேறோர் இடத்தில் போய்த் தேங்கி, அங்கு காலங்காலமாக வாழ்ந்த உயிர்களை வெளியேற்றிவிட்டால் அந்தக் கணக்கு யாருடைய ஏட்டில் எழுதப்படும்? அனுப்பியவரின் ஏட்டிலா? பயன் பெற்றவரின் ஏட்டிலா? அல்லது நிய்யத்து நல்லதாக இருந்தமையால் எவருடைய ஏட்டிலும் இல்லையா? ஊவா மலையில் வாழும் எமக்கு இது தொலைவிலுள்ள கேள்வியல்ல. நான் சொல்லும் தண்ணீர் எமது மலையிலிருந்துதான் இறங்குகிறது.

பண்டாரவளையையும் எல்லயையும் தாங்கி நிற்கும் மலைமுகடு ஒரு வீட்டுக் கூரையைப் போன்றது. வடக்கே விழும் மழை பதுளு ஓயாவாகவும் உமா ஓயாவாகவும் ஓடி மகாவலியில் கலந்து கிழக்குக் கடலுக்குப் போகிறது. தெற்கே விழும் மழை கிரிந்தி ஓயாவுக்குரியது. எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில் பிரயாணிகள் நின்று படம் பிடிக்கும் இராவணா நீர்வீழ்ச்சியின் நீரும், கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமவின் நீரும் ஈற்றில் இந்த ஆற்றையே சேருகின்றன. தேயிலைச் சரிவுகளைக் கழுவிக்கொண்டு வெல்லவாய, தணமல்வில ஊடாக இறங்கி, நூறு கிலோ மீற்றருக்கும் அதிகமாக ஓடி, திஸ்ஸமஹாராமையைத் தாண்டிக் கிரிந்தையில் அது கடலை அடைகிறது. அந்தக் கரையிலிருந்து மேற்கே அம்பாந்தோட்டை வரை பரந்து கிடப்பதுதான் உப்பு நிலம்.

சிங்களத்தில் லேவாய என்பர். மகா லேவாய, கரகன் லேவாய, கொஹொலன்கல லேவாய, புந்தல லேவாய என்று வரிசையாக ஆழமற்ற உவர்நீர்ப் பரப்புகள். கடலில் ஒரு லீற்றர் நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வறண்ட மாதங்களில் தென்மேல் காற்றும் வெயிலும் சேர்ந்து இந்நீரைக் குடிக்கக் குடிக்க உப்பு செறிந்து, கடைசியில் வெள்ளைப் படிவமாகத் தரையில் பூக்கிறது. உப்பளங்கள் கட்டப்படுவதற்கு முன்னரே இங்கு உப்புத் தானாக விளைந்தது. கரையோரம் ஒல்லாந்தர் வசமிருந்த காலத்தில், உப்பைத் தடுத்தால் கண்டியரசன் பணிவான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மலைநாட்டில் எது விளைந்தாலும் உப்பு விளையாது. கடற்கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளின் மேல் ஏற்றி மலைக்குக் கொண்டு வந்த தவளக் கூட்டங்களில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தார்கள் என்பதை இலங்கை முஸ்லிம் வரலாற்றை எழுதிய கலாநிதி லோர்னா தேவராஜா போன்றோர் எடுத்துக் காட்டியுள்ளனர். அக்குரணையிலும் ஊவாவிலும் குடியமர்ந்த எம்மவர் பலருக்கு இந்த உப்புப் பாதையோடு உறவுண்டு.

உப்பு நிலத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அது பருவத்துக்குப் பருவம் தெரிவதும் மறைவதுமான முகம். செப்டெம்பர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை வட ஆசியாவின் குளிரிலிருந்து தப்பி வரும் கரையோரப் பறவைகள் ஆயிரமாயிரமாக இங்கு இறங்குகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய உள்ளான் குருவிகள் சைபீரியாவிலிருந்து இந்தச் சேற்றைக் குறி வைத்து வருகின்றன. இலங்கைக்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை வேறு நிலமில்லை. எனவே வலசைப் பாதையின் கடைசித் தரிப்பிடம் இது. இங்கு இடமில்லையென்றால் அப்பால் போக இடமில்லை. 1969இல் சரணாலயமாக்கப்பட்ட புந்தல 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாகவும், 1993இல் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பெயரை வெளியுலகுக்குக் கொண்டு போனவை பூநாரைகள். நீண்ட கால்களில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகை வடிகட்டியாக்கி, உவர்நீரில் மட்டும் பெருகும் நுண்ணிய பாசிகளையும் சிற்றிறால்களையும் அவை அரித்துத் தின்னும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே அந்த உணவிலிருந்து வருவதுதான். உப்பில்லையேல் அந்த உணவில்லை. உணவில்லையேல் அந்த நிறமும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெப்ரவரி மாதம் எமது பாடசாலை மாணவர்களோடு அங்கு போயிருந்தேன். மலைப் பிள்ளைகள் அவ்வளவு தட்டையான நிலத்தை அதற்கு முன் கண்டதில்லை. தோட்டத்துப் பிள்ளையொன்று வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, “சேர், இங்க ஒன்னும் வெளையாதா? சும்மாவா கெடக்கு?” என்று கேட்டது. கேள்வி நியாயமானது. அதன் பார்வையில் நிலமென்றால் கொழுந்து தர வேண்டும், இல்லையேல் மரக்கறியாவது தர வேண்டும். வண்டியோட்டி வந்தவர் அம்பாந்தோட்டை மலாய் முஸ்லிம் ஒருவர். பூநாரையைக் காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டதற்கு அவர் களப்பைக் கைகாட்டிச் சொன்னார்: “முந்தி இந்தத் தண்ணிய வாயில வெக்க ஏலா சேர், அவ்வளவு உப்பு. இப்ப மாடு வந்து குடிக்குது. மாடு குடிக்கிற தண்ணீல பூநாரைக்கு என்ன வேல?”

அவர் ஒரு வரியில் சொன்னதன் பின்னணி இது. 1980களின் நடுப்பகுதியில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. வெளிநாட்டு வங்கிகளின் கடனுதவியோடு உருவான அந்த நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வயல் கொடுத்தது. வயலுக்குப் பாய்ந்து மிஞ்சிய நீர் எங்கேயாவது வடிய வேண்டுமல்லவா? அது பள்ளத்தைத் தேடிச் சென்று புந்தலயின் எம்பிலிகல, மலல ஆகிய களப்புகளில் விழுந்தது. பசளையும் கிருமிநாசினியும் கலந்த அந்த நன்னீர் ஆண்டு முழுவதும் வந்தமையால் களப்பின் உப்பு குறைந்தது. நீர்மட்டம் உயர்ந்து, பறவைகள் நின்று மேயும் சேற்றுத் திட்டுகள் மூழ்கின. உவர்நீர் உயிரினங்கள் மறைய, கரையில் நாணலும் நீர்ச்செடிகளும் மண்டின. இறால் பிடித்து வாழ்ந்த மீனவரின் பிழைப்பும் தேய்ந்தது. பூநாரைகள் ஆண்டுக்காண்டு குறைந்து, 2004இன் பின்னர் முன்பு போலப் பெருங்கூட்டமாக வருவதை நிறுத்திக் கொண்டன. இன்று அவற்றைக் காண விரும்புவோர் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் களப்புக்கும் போகின்றனர்.

இந்தக் கதையில் கெட்டவரைத் தேடினால் எவரும் அகப்படார். அணை கட்டிய பொறியியலாளர் தன் கடமையைச் செய்தார். குடியேறிய கமக்காரர் பிள்ளைகளுக்குச் சோறு தேடினார். அந்த வயலில் விளைந்த நெல் மலைநாட்டுக் கடைகளுக்கும் வருகிறது, நாமும் தின்றிருக்கிறோம். பட்டினி கிடக்கும் பிள்ளை முக்கியமா, பறவை முக்கியமா என்று கேட்டு வாயடைக்க முயல்வோரும் உண்டு. அந்தக் கேள்வியே பிழையானது. பூநாரை போனது பிள்ளைக்குச் சோறு கொடுத்ததால் அல்ல; சோறு விளைந்த பின் மிஞ்சிய நீர் எங்கே போகிறது என்று எவரும் கேளாததால். வயலுக்குத் தேவையான நீருக்கும் களப்பைக் கெடுத்த நீருக்கும் இடையே ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நல்ல எண்ணம் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு எமது பிக்ஹு நூல்கள் தெளிவான விடை வைத்திருக்கின்றன. செயல்களின் கூலி நிய்யத்தைப் பொறுத்தது என்பது உண்மை. ஆனால் ழமான் எனப்படும் ஈட்டுப் பொறுப்பு நிய்யத்தைப் பார்ப்பதில்லை. கை தவறி அடுத்த வீட்டுப் பானையை உடைத்தவனுக்குப் பாவமில்லை. ஆயினும் பானையின் விலை அவன் தலையில்தான். தன் நிலத்துக்கு வழக்கத்துக்கு மேலாக நீர் பாய்ச்சி, அது வழிந்து அயலவன் நிலத்தைக் கெடுத்தால் பாய்ச்சியவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பதும் சட்ட அறிஞர்கள் பேசிய விடயமே. ஆகவே ஒரு செயலுக்கு இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்றில் எண்ணம் எழுதப்படுகிறது. மற்றதில் விளைவு எழுதப்படுகிறது. முதல் ஏட்டில் நன்மை பெற்றவர் இரண்டாவது ஏட்டில் கடனாளியாக நிற்கலாம். நாம் பெரும்பாலும் முதல் ஏட்டை மட்டும் வாசித்துவிட்டு மன நிறைவோடு எழுந்து விடுகிறோம்.

அயலவன் மனிதனாக இருந்தால் வழக்குப் பேசுவான். பூநாரை எந்தக் காதியிடம் போகும்? 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டபோது, முதுமையாலோ நோயாலோ பயன்படாது போன பிராணிக்கும் தீனி போட வேண்டும் என்றார்கள். பயன் தருவது உரிமைக்கு நிபந்தனையல்ல என்பது இதன் கருத்து. அல்குர்ஆனும் சிறகடித்துப் பறக்கும் பறவைகளை எம்மைப் போன்ற சமுதாயங்களாகவே எண்ணச் சொல்கிறது. வழக்குப் பேச வாயில்லாத சமுதாயம் என்பதால் அதன் வழக்கு இல்லாமற் போவதில்லை. அது தீர்ப்பு நாளுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது.

இனி அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்றால் என்ன? பாழ் என்பது நிலத்தின் குணமன்று. நிலத்தைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் விலையை ஊவா நன்கறியும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், காடாகவும் பாழாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குச் சொந்தம் என்றது. சேனைப் பயிர் செய்து சில ஆண்டுகள் ஆறப்போட்டிருந்த நிலமும், மாடு மேய்ந்த பத்தனைப் புல்வெளியும் ஒரே பேனா வீச்சில் பாழாகின. அவை விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் பிள்ளைகள்தான் இன்று எனது வகுப்பில் இருக்கிறார்கள். பாழ் என்று ஒருவர் எழுதிய சொல்லிலிருந்து ஒரு கிராமம் நிலமிழந்தது; இன்னொரு மக்கள் கூட்டம் லயத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மக்களையும் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர் பட்டியலில் சேர்த்தது. ஒன்றைப் ‘பயனற்றது’ என்று எழுதும் கை மிகுந்த எச்சரிக்கையோடு எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எமக்கு வேண்டுமா?

மார்க்கத்திலும் இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது உரித்தாகும் என்ற விதி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. ஆனால் எந்த நிலம் இறந்த நிலம் என்பதில் அறிஞர்கள் அவசரப்படவில்லை. ஊரின் தேவைக்குரிய சுற்றிடத்தையும் கிணற்றின் சுற்றெல்லையையும் ஹரீம் என்று பெயரிட்டு விலக்கி வைத்தார்கள். உப்பைப் பற்றியே ஒரு சம்பவம் ஹதீஸ் நூல்களில் உண்டு. யெமனின் மஃரிப் பிரதேசத்தைச் சேர்ந்த அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) என்பவர் அங்குள்ள உப்பு விளையும் இடத்தைத் தமக்குத் தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அன்னார் கொடுத்தார்கள். அவர் எழுந்து சென்றதும் சபையிலிருந்த ஒருவர், தாங்கள் கொடுத்தது வற்றாத நீரூற்றைப் போன்றதல்லவா என்று எடுத்துச் சொன்னார். உடனே அந்தக் கொடை திருப்பி எடுக்கப்பட்டது. எல்லாரும் எளிதில் எடுக்கும் உப்பு போன்ற பொருளைத் தனியொருவருக்கு எழுதிக் கொடுக்கலாகாது என்ற சட்டத்தை அறிஞர்கள் இதிலிருந்து பெற்றனர்.

சட்டத்துக்கு அப்பாலும் இச்சம்பவத்தில் இரண்டு பாடங்களைக் காண்கிறேன். முதலாவது, இடத்தை அறிந்தவனின் வார்த்தைக்குச் சபையில் இடமிருந்தது. அவர் பெரிய பதவியில் இருந்தவரா என்று பார்க்கப்படவில்லை. அந்த உப்பு எத்தகையது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அது போதுமானதாயிருந்தது. இரண்டாவது, கொடுத்ததைத் திருப்பி எடுப்பது இழிவாகக் கருதப்படவில்லை. புதிய அறிவு வந்ததும் முடிவு மாறியது. நபியவர்களே தமது கொடையை அறிவு கிடைத்ததும் மாற்றிக் கொண்டிருக்க, எமது திட்டங்கள் மட்டும் திருத்த முடியாத வேதமாகி விடுவதேன்?

உவர் நிலத்தைத் ‘திருத்தும்’ ஆசை லுணுகம்வெஹெரவோடு தொடங்கியதுமன்று. 1950களின் தொடக்கத்தில் அம்பாந்தோட்டையின் உப்பு மண்ணைச் சீர்ப்படுத்தி நிலத்தைப் பசுமையாக்கவென்று சீமைக் கருவேல் மரம் கொண்டு வந்து நடப்பட்டது. பச்சையைக் கண்டு மகிழ்ந்திருப்பர். இன்று அதே மரம் புந்தல வனத்துக்குள் முட்காடாகப் பரந்து, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்து, வேரோடு பிடுங்க ஆட்களைத் திரட்டும் நிலைக்குக் கொண்டு வந்துள்ளது. பச்சையெல்லாம் உயிரல்ல; வெளிறிய நிலமெல்லாம் சாவுமல்ல.

திருப்பி எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆபிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் கிடைக்கிறது. பொட்ஸ்வானா நாட்டில் மக்காடிக்காடி என்ற பெரும் உப்புவெளி உண்டு. பழங்காலத்தில் ஏரியாக இருந்து வற்றிப் போன நிலம். உலகின் மிகப் பெரிய உப்புவெளிகளுள் ஒன்று. கோடையில் ஒரு புல்லும் இல்லை. மழை விழுந்ததும் மேலோட்டமாக நீர் தேங்கி, பூநாரைகள் வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. விளிம்பிலுள்ள புல்வெளியைத் தேடி வரிக்குதிரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஒக்கவாங்கோ ஈரநிலத்துக்கும் இந்த உப்புவெளிக்கும் இடையே அவை வலசை போன பாதையின் குறுக்கே 1968இல் வேலியொன்று போடப்பட்டது. கால்நடைகளுக்கு நோய் பரவாமல் தடுப்பது அதன் நோக்கம். மாடு வளர்த்து வாழும் மக்களுக்கு அது நன்மையான ஏற்பாடுதான். வலசை நின்றது. 2004இல் அந்த வேலி அகற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், கழுத்தில் கருவி மாட்டி அவதானித்த ஆய்வாளர்கள் வரிக்குதிரைகள் மீண்டும் அதே வழியில் உப்புவெளிக்குப் போய் வருவதைக் கண்டனர். வேலி நின்ற காலம் 36 ஆண்டுகள். காட்டு வரிக்குதிரை அவ்வளவு காலம் வாழ்வதில்லை. பழைய பாதையை நேரில் நடந்து பார்த்த ஒன்றுகூட அக்கூட்டத்தில் இருந்திருக்க முடியாது. புந்தலயிலிருந்து பூநாரைகள் விலகிய அதே 2004இல், இன்னொரு உப்பு நிலத்தில் ஒரு வேலியை எடுத்தவுடன் பாதை தானாகத் திறந்தது.

இதை வாசித்துவிட்டு, லுணுகம்வெஹெரவை உடைத்து விடலாம் என்று எவரும் சொல்லப் போவதில்லை, நானும் சொல்லவில்லை. அங்கு இரண்டு தலைமுறைக் கமக்காரர் வாழ்கிறார்கள். ஆயினும் அணைக்கும் களப்புக்கும் இடையே செய்யக் கூடியவை உள்ளன. வயலுக்குத் தேவையான அளவு மட்டும் நீர் திறப்பதும், வடியும் நீரை மறுபடி வயலுக்கே திருப்புவதும், களப்பில் விழாமல் வேறு வழியாகக் கடலுக்குக் கொண்டு செல்வதும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரியங்களல்ல. அவை செலவு பிடிக்கும். அந்தச் செலவுதான் ழமான். நன்மையின் மொத்த விலையில் அதையும் முதலிலேயே சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

இக்கணக்கு இப்போது எமது வாசலுக்கே வந்துள்ளது. 2008இல் தொடங்கப்பட்ட உமா ஓயா பல்நோக்குத் திட்டம், வடக்கே மகாவலிக்குப் போகவிருந்த ஊவா நீரை 15 கிலோ மீற்றருக்கும் நீண்ட சுரங்கத்தால் மலையைத் துளைத்துக் கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்குத் திருப்புகிறது. 120 மெகாவாற் மின்சாரமும், மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்கு நீரும் அதன் நோக்கம். ஆண்டொன்றுக்கு 145 மில்லியன் கன மீற்றர் நீரைத் திருப்புவதே திட்டம். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூன் மாதம் மக்கள் பண்டாரவளையில் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினர். 2024 ஏப்ரல் 24ஆந் திகதி திட்டம் திறந்து வைக்கப்பட்டது. கீழேயுள்ளவரின் தாகம் தீர வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் மேலே கிணற்றை இழந்தவரும் கீழே களப்பை இழந்தவரும் ஒரே நன்மையின் இரு முனைகளில் நிற்கின்றனர் என்பதை எவராவது சேர்த்து வாசித்தார்களா? மலையில் கிணறு தோண்டி வாழ்ந்த கிழவிக்கும், அம்பாந்தோட்டையில் இறால் வலை வீசியவருக்கும் தத்தம் இடத்தைப் பற்றித் தெரிந்திருந்தது. மஃரிப் உப்பைப் பற்றிப் பேசியவருக்குச் சபையில் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அல்குர்ஆன் இரண்டு நீர்களைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று தாகம் தீர்க்கும் இனிய நீர். மற்றது உவர்ப்பும் கசப்புமான நீர். இரண்டுக்குமிடையே ஒரு தடுப்பை இறைவன் வைத்துள்ளதாக சூறா அல்புர்கான் கூறுகிறது. இரண்டும் சமமல்ல என்று சொல்லும் சூறா பாத்திர், அடுத்த மூச்சிலேயே இரண்டிலிருந்தும் மனிதன் உணவும் அணிகலனும் பெறுவதை நினைவூட்டுகிறது. உவர்நீரைக் கசப்பு என்று சொன்ன வேதம் அதை வீண் என்று சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வானத்தை உயர்த்தி மீஸானை நிறுவியதாகச் சொல்லும் சூறா அர்ரஹ்மானும், அந்தத் தராசில் வரம்பு மீறாதிருக்க வேண்டுமென எச்சரித்துவிட்டு, சற்றுப் பின்னர் அதே இரு நீர்களையும் அவற்றின் தடுப்பையும் பேசுகிறது. தராசில் ஒரு தட்டில் நன்னீரை மட்டும் ஊற்றிக் கொண்டே போவதும் வரம்பு மீறல்தான்.

உப்புக்கும் நன்னீருக்குமான கணக்கை 2025ஆம் ஆண்டு எமது அடுப்படிக்கே கொண்டு வந்து காட்டியது. பருவம் தப்பிய பெருமழை உப்பளங்களைக் கரைத்து விட, கடலால் சூழப்பட்ட இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு வாங்கியது. மலைநாட்டுக் கடைகளில் ஒரு பக்கற் உப்புக்கு அலைந்தவர்கள் அந்த மாதங்களை மறந்திருக்க மாட்டார்கள். மழை றஹ்மத்துத்தான். ஆனால் வெயிலும் வறட்சியும் உவர்ப்பும் அவற்றுக்குரிய இடத்தில் றஹ்மத்தே.

ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வகுப்பறையிலும் நாம் எல்லா நிலத்துக்கும் ஒரே நீரையே பாய்ச்சுகிறோம். வளர்ந்தால் நல்ல நிலம், வளராவிட்டால் பாழ் என்று பிள்ளையின் அறிக்கையில் எழுதிவிடுகிறோம். எனவே மாணவருக்கும், திட்டம் தீட்டுவோருக்கும், தர்மம் செய்யும் தனவந்தருக்கும் பொதுவாக மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். ஒரு நன்மையைச் செய்யுமுன், அந்த இடத்தில் ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள்? அந்த இடத்தை அறிந்தவர் என்ன சொல்கிறார்? நாம் கொடுப்பதில் மிஞ்சுவது எங்கே போய் வடியும்? இம்மூன்றையும் கேட்டவர் நன்மையைக் கைவிட வேண்டியிருக்காது. அதன் அளவையும் வழியையும்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மவர் சொல்வார்கள். பல நூற்றாண்டுகளாக எமது மலைக்கு உப்பிட்டது அந்தத் தெற்கு நிலம். மாட்டின் முதுகில் அது மேலேறி வந்தது. நமது ஆணமும் கருவாடும் அதனால் ருசித்தன. நாம் பதிலுக்கு அந்நிலத்துக்கு அனுப்புவது மலையின் தண்ணீரை. பசளையும் மருந்தும் கரைத்து, அளவும் பாராமல், கேளாமல் அனுப்பும் தண்ணீரை நன்றிக்கடன் என்று கொள்ள முடியாது. கிரிந்தி ஓயாவின் தலைமாட்டில் இருப்பவர்கள் நாம். ஓடையில் வீசும் மருந்துப் போத்தல் முதல் சரிவில் வெட்டும் மரம் வரை கீழே போய்ச் சேருகிறது. அதன் கணக்கை முதலில் நாமே எழுதத் தொடங்க வேண்டும்.